ஸ்விஃப்ட்டின் பின்சீட்டில் எந்தக் குழந்தை சீட் பொருந்தும்?

கேள்வி இதுதான்: 2019 மாடல் ஸ்விஃப்ட். ஏழு மாதக் குழந்தை, எட்டு கிலோ. கார் ஓட்டும் கணவர் ஏறக்குறைய ஆறடி. வாரம் ஒருமுறை மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் சொந்த ஊருக்குப் போக வேண்டும், வருடத்தில் இரண்டு மூன்று தடவை கொடைக்கானல். அத்தையும் கூட வருவார். நாலு வயது வரைக்கும் உதவுகிற மாதிரி ஒரே ஒரு கன்வெர்ட்டிபிள் சீட் வாங்க வேண்டும். டாலஸிலிருந்து வருகிற அண்ணன் அங்கேயே ஒன்று வாங்கி வரட்டுமா?

எந்த பிராண்ட் என்று தேடுவதற்கு முன்னால் காரின் பின்கதவைத் திறந்து வையுங்கள். குழந்தை சீட்டைப் பாதிக்கு மேல் தேர்ந்தெடுப்பது உங்கள் கார்தான். முப்பதாயிரம் ரூபாய் சீட் பின்சீட்டில் ஆடிக்கொண்டு உட்கார்ந்தால், அசையாமல் உட்காருகிற எட்டாயிரம் ரூபாய் சீட் அதைவிட மேல். கன்வெர்ட்டிபிள் சீட்டை முதலில் பின்னோக்கி, அதாவது குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டுவோம். வளர்ந்த பிறகு அதையே முன்னோக்கித் திருப்புவோம். சின்னக் கார்களில் தகராறு வருவது அந்த முதல் பாதியில்தான், ஏனென்றால் பின்னோக்கி மாட்டிய சீட் முன்சீட்டின் முதுகு வரை இடத்தைத் தின்னும்.

"மடியில் வச்சுக்கிட்டாப் போதாதா?" என்று வீட்டில் கேட்பார்கள். கணக்கு இது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் மோதி பத்தில் ஒரு நொடியில் நின்றால், உள்ளே இருப்பவர் மீது புவியீர்ப்பைப் போல சுமார் 14 மடங்கு விசை. எட்டு கிலோ குழந்தை அந்த நொடியில் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். எந்தக் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. முன்சீட்டில் மடியில் வைத்திருந்தால் இன்னும் மோசம்: உங்கள் காரில் அந்தப் பக்கமும் ஏர்பேக் உண்டு, அது விரிகிற இடத்தில்தான் குழந்தையின் தலை இருக்கும். அதே காரணத்தால் ஏர்பேக் இயங்குகிற முன்சீட்டில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் மாட்டக் கூடாது. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம்.

இப்போது கார். பின்சீட்டில் உட்காரும் மெத்தையும் சாய்மானமும் சேருகிற இடுக்கில் கையை விடுங்கள். விரலில் கெட்டியான இரும்புக் கம்பி தட்டுப்படும். 6 மில்லிமீட்டர் கனம். அதே மாதிரி இன்னொன்று 28 செ.மீ. தள்ளி இருக்கும். இதுதான் ஐசோஃபிக்ஸ். காரின் உடம்போடு வெல்டு செய்யப்பட்டது, குழந்தை சீட்டின் இரண்டு கொக்கிகள் இதில் "டக்" என்று கவ்வும். உங்கள் தலைமுறை ஸ்விஃப்ட்டில் இது எல்லா வேரியண்ட்டிலும் வந்தது. ஆனாலும் கை தட்டுப்படாமல் போகலாம். காரணம் பெரும்பாலும் சீட் கவர். புது கார் எடுத்ததும் ரெக்ஸின் கவர் தைத்துப் போடுவது நம் ஊரில் கிட்டத்தட்ட சடங்கு. தைக்கிறவர் அந்த இடுக்கை நன்றாக இழுத்து மூடி, கம்பியைக் கவருக்குள்ளேயே புதைத்துவிடுவார். அதே கடைக்குப் போய், கம்பிக்கு நேராக இரண்டு பக்கமும் ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்துத் தரச் சொல்லுங்கள். சின்ன வேலைதான். கவருக்கு அடியில் தடிமனாக ஸ்பாஞ்ச் வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பெல்ட் போட்டு இறுக்கும்போது முதலில் அமுங்குவது அந்த ஸ்பாஞ்ச், பத்து நாளில் பெல்ட் தளர்ந்து நிற்பதும் அதனால்தான்.

அடுத்தது பெல்ட். ஐசோஃபிக்ஸ் இல்லாத சீட் வாங்கினாலும், அண்ணன் கொண்டுவரும் சீட்டை ஒருநாள் பெல்ட்டால் கட்ட நேர்ந்தாலும் இது முக்கியம். தோள் பெல்ட்டை மெதுவாகக் கடைசி வரை இழுத்து, விட்டுப் பாருங்கள். திரும்பிப் போகும்போது "டிக் டிக் டிக்" என்று சத்தம் வந்து, மறுபடி இழுத்தால் வராமல் நின்றால் அது பூட்டிக்கொள்கிற வகை. நம் ஊர்க் கார்கள் பெரும்பாலானவற்றில் அந்தச் சத்தம் வராது. சட்டென்று பிரேக் போட்டால் மட்டும் பிடிக்கும், மற்ற நேரம் தாராளமாக வந்து போகும். பெரியவர்களுக்கு அது போதும். குழந்தை சீட்டைக் கட்ட அது மட்டும் போதாது. சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கிற லாக்-ஆஃப் என்ற கிளிப் இருக்க வேண்டும். வாங்கும்போது அதைக் கையால் திறந்து மூடிப் பார்த்து வாங்குங்கள்.

பெல்ட்டின் நீளமும் பார்க்க வேண்டும். பின்னோக்கி மாட்டும்போது சில சீட்களில் இடுப்பு பெல்ட் குழந்தையின் கால் பக்கம் வழியாகவும், தோள் பெல்ட் சீட்டின் முதுகைச் சுற்றியும் போகும். பெல்ட் அரை ஜாண் குறைந்தால் பக்கிள் எட்டாது. அப்படி எட்டாமல் போனால் அந்தச் சீட்டை விட்டுவிடுங்கள், பெல்ட் எக்ஸ்டென்டர் வாங்கி மாட்டுவது தீர்வில்லை. பக்கிளின் காம்பும் நீளமாக இருந்தால் வம்பு. பக்கிள் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து அங்கேயே மடங்கி நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் பெல்ட் நேர்கோட்டில் இறுகாது. மோதலில் பக்கிள் அந்த விளிம்பில் உடையவும் கூடும்.

நடுவில் வைக்கலாமா? பக்கவாட்டு மோதலுக்குத் தூரமாக இருப்பது நடு இடம்தான், உண்மை. ஆனால் பல ஹேட்ச்பேக்குகளில் நடு இடத்தில் வெறும் இடுப்பு பெல்ட், ஐசோஃபிக்ஸ் கிடையாது, மெத்தையும் மேடாக இருக்கும். உங்களுக்கு இடது பின்சீட்தான். அங்கே நடைபாதைப் பக்கம் இறக்கலாம். சிம்மக்கல்லிலோ மாசி வீதியிலோ வண்டிகள் உரசிப் போகிற பக்கம் கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கும் வேலை இல்லை. இன்னொரு காரணம், ஆறடிக் கணவருக்குப் பின்னால் பின்னோக்கிய சீட் அநேகமாக இடமே இல்லாமல் முட்டும்.

இட அளவுக்கு வருவோம். காரின் இரண்டு அச்சுகளுக்கு இடையிலான நீளம் ஆல்ட்டோ கே10-ல் 2,380 மி.மீ., ஸ்விஃப்ட்டில் 2,450, பலேனோவில் 2,520, எர்டிகாவில் 2,740. ஸ்விஃப்ட் நெருக்கம்தான், முடியாதது இல்லை. முன் இடது சீட்டில் யார் உட்காருவார்களோ அவரை உட்கார வையுங்கள். உங்கள் வீட்டில் அதற்கு ஏற்றவர் அத்தை. உயரம் குறைவு என்றால் சீட்டை நன்றாக முன்னே தள்ளலாம். ஆனால் அவர் நெஞ்சுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே 25 செ.மீ. கண்டிப்பாக இருக்க வேண்டும், ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. அந்த நிலையில் பின்சீட்டின் சாய்மானத்திலிருந்து முன்சீட்டின் முதுகு வரை, முன்சீட்டின் பாதி உயரத்தில், டேப்பைக் கிடையாகப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பின்னோக்கிய சீட்டில் அதிகமாக முன்னே நீட்டிக்கொண்டிருப்பது அதன் தலைப்பகுதி. அது அந்த உயரத்தில்தான் வந்து நிற்கும்.

சாய்வைப் பொறுத்து இந்த அளவு மாறும் என்பதைக் கடைக்காரர் பலர் சொல்வதில்லை. பச்சைக் குழந்தைக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்வு வேண்டும். இல்லையென்றால் தலை முன்னே கவிழ்ந்து தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடும். ஏழு மாதத்தில் கழுத்து நின்றுவிட்டதால் சீட்டின் கையேடு அனுமதிக்கிற அளவுக்கு நிமிர்த்தி வைக்கலாம். நிமிர்த்த நிமிர்த்த முன்சீட்டுக்கு இடம் மிச்சமாகும். ஆகவே பின்னோக்கிய நிலையில் இரண்டு மூன்று சாய்வு உள்ள சீட் உங்களுக்கு லாபம், ஒரே சாய்வு உள்ளது நஷ்டம். 45 டிகிரியைச் சரிபார்க்க தினசரித்தாளின் மூலையைக் குறுக்காக மடித்து வைத்துப் பார்த்தாலே போதும். சீட்டின் பக்கத்தில் மட்டக்கோடு அச்சிட்டிருந்தால் அது தரைக்கு இணையாக நிற்க வேண்டும். ஆனால் வீட்டு வாசல் சரிவில் காரை ஏற்றி நிறுத்திக்கொண்டு மட்டம் பார்க்காதீர்கள், சமதளத்தில் பாருங்கள்.

குழந்தை சீட் முன்சீட்டில் உரசலாமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சிலர் லேசாகத் தொடலாம் என்பார்கள், சிலர் இடைவெளி கேட்பார்கள். கையேட்டில் இருப்பதே வேதம். "கால் மடங்குதே, வலிக்காதா?" என்ற கேள்விக்கு மட்டும் இங்கேயே பதில்: வலிக்காது. சம்மணம் போட்டோ தவளை மாதிரியோ குழந்தைகள் சுகமாக உட்காரும். கால் மடங்குகிறது என்பதற்காக முன்னே திருப்ப வேண்டியதில்லை.

எப்போது திருப்புவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதானதும் திருப்புவது நம் ஊர்ப் பழக்கம், அது சீக்கிரம். குழந்தையின் உடம்பில் தலை பெரியது, கழுத்தெலும்பு இன்னும் முழுசாகக் கெட்டிப்படவில்லை. முன்னோக்கி உட்கார்ந்திருந்தால் மோதலில் உடம்பைச் சீட்டின் கட்டுப் பட்டைகள் (ஹார்னெஸ்) பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே பறக்கும். பின்னோக்கி இருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சீட்டின் ஓடு சேர்த்துத் தாங்கும். ஸ்வீடனில் நாலு வயது வரை பின்னோக்கி வைப்பது வெகுகால வழக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2018-ல் வயதுக் கணக்கை விட்டுவிட்டு, சீட்டின் எடை, உயர வரம்பு வரும் வரை பின்னோக்கியே வையுங்கள் என்றது. எனவே அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட "0–18 கிலோ" என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பின்னோக்கி எத்தனை கிலோ வரை என்று தனியாகப் பாருங்கள். பழைய முறைச் சீட்கள் பலவற்றில் அது 13 கிலோதான். சிலவற்றில் 18. இந்த ஐந்து கிலோ வித்தியாசம் நம் குழந்தைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம்.

லேபிள். இந்தியாவில் குழந்தை சீட்டுக்கான தரநிலை ஏ.ஐ.எஸ். 072. ஐரோப்பியச் சீட் என்றால் ஆரஞ்சு நிற ஸ்டிக்கரில் வட்டத்துக்குள் "இ" எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அதில் ஆர்44/04 என்று இருந்தால் எடைக் கணக்கு: 0+ என்றால் 13 கிலோ வரை, 1 என்றால் 9 முதல் 18 வரை. ஆர்129 அல்லது ஐ-சைஸ் என்றால் உயரக் கணக்கு. 15 மாதம் வரை பின்னோக்கி கட்டாயம், பக்கவாட்டு மோதல் சோதனையும் சேர்ந்தது. இரண்டில் ஆர்129 கிடைத்தால் அதை எடுங்கள். ஐ-சைஸில் சீட்டும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோ தாண்டக் கூடாது என்பதால், 14 கிலோ கனக்கிற சுழலும் சீட்டில் குழந்தைக்கு மிஞ்சுவது 19 கிலோ. ஸ்டிக்கரே இல்லாத துணி பெல்ட் "பேபி சீட்"களும், கைப்பிடி வைத்த மூங்கில், பிளாஸ்டிக் கூடைகளும் இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அவை குழந்தையைக் காரில் வைக்கிற பொருளே இல்லை.

கார் வாங்கும்போது பார்க்கிற பாரத் என்கேப் நட்சத்திரத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய அந்தக் கார் மோதல் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கு 49 மதிப்பெண். ஒன்றரை வயது, மூன்று வயது பொம்மைகளை வைத்துச் செய்கிறார்கள். அது கார் கம்பெனி சொன்ன சீட்டை வைத்து எடுத்த மதிப்பெண். கடையில் கிடைக்கும் எந்தச் சீட்டும் அந்தக் காரில் பொருந்தும் என்று அர்த்தமில்லை. இதைவிட உபயோகமானது உங்கள் காரின் கையேட்டில் குழந்தை சீட் பக்கத்தில் இருக்கும் அட்டவணை. எந்த இருக்கையில் எந்த வகை மாட்டலாம் என்று எழுத்துக் குறியோடு போட்டிருப்பார்கள். "எக்ஸ்" என்றிருந்தால் அங்கே மாட்டவே கூடாது. கையேடு டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும், எடுத்துப் பாருங்கள்.

ஐசோஃபிக்ஸ் சீட்டுக்கு மூன்றாவது பிடி ஒன்று உண்டு. கீழே இரண்டு கொக்கி மட்டும் என்றால் மோதலில் சீட் குட்டிக்கரணம் போடும். அதைத் தடுக்க ஒன்று, தரையில் ஊன்றும் கால். அல்லது மேலே பின்பக்கம் இழுத்துக் கட்டும் டாப் டெதர் பட்டை. ஊன்றுகால் உள்ள சீட் என்றால் காரின் தரை கெட்டியாக இருக்க வேண்டும். தரைக்கு அடியில் சாமான் பெட்டி உள்ள கார்களில் மூடி உடைந்துபோகும். உங்களிடம் தடித்த 7டி மேட் இருந்தால் கால் ஊன்றும் இடத்தில் அதை எடுத்துவிடுங்கள். மேட் மேல் ஊன்றினால் ஊன்றுகாலின் குறி பச்சை காட்டும், ஆனால் மேட் அமுங்க அமுங்க கால் அந்தரத்தில் நிற்கும். டாப் டெதர் என்றால் கொக்கி மாட்டும் வளையத்தில் நங்கூரப் படம் இருக்கும். ஹேட்ச்பேக்கில் பெரும்பாலும் பின்சீட் சாய்மானத்தின் முதுகில், டிக்கிப் பக்கம். டிக்கிக்குள் பை தொங்கவிடுகிற பிளாஸ்டிக் கொக்கியில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது காய்கறிப் பை தாங்கும், குழந்தையைத் தாங்காது. சி.என்.ஜி. சிலிண்டர் வைத்த கார் என்றால் அந்த வளையத்துக்குக் கை போகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

முன்னோக்கித் திருப்புகிற காலத்தில் இன்னொரு தொல்லை வரும். காரின் ஹெட்ரெஸ்ட் குழந்தை சீட்டின் முதுகை முன்னே தள்ளும். கழற்றக்கூடிய ஹெட்ரெஸ்ட் என்றால் கழற்றி டிக்கியில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். சாய்மானத்தோடு ஒட்டிய ஹெட்ரெஸ்ட் என்றால் (கீழ் வேரியண்ட்களில் வரும்) சீட்டை வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அகலமும் கவனம். சீட்கள் பொதுவாக 44, 45 செ.மீ. அகலம். நீங்கள் குழந்தைக்குப் பக்கத்தில் உட்காருவீர்கள் என்றால், சீட்டை மாட்டிய பிறகு உங்கள் பெல்ட்டின் பக்கிளைக் கையால் எட்ட முடிகிறதா என்று பாருங்கள். அது சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் தினமும் பெல்ட் போடாமல் போவீர்கள். மோதலில் பெல்ட் போடாத பெரியவர் உடம்பு பக்கத்துக் குழந்தை மேல்தான் போய் விழும்.

இங்கே சுழலும் 360 சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கதவுப் பக்கம் திருப்பிக் குழந்தையை உட்கார வைக்கலாம், முதுகு வலிக்காரருக்கு வரப்பிரசாதம். ஆனால் கனமும் உயரமும் அதிகம். ஸ்விஃப்ட் மாதிரிச் சாய்ந்த பின்கதவில் தூக்கி உள்ளே வைக்கும்போது தலைப்பகுதி மேல் விளிம்பில் இடிக்கலாம். காருக்குள் வைத்துத் திருப்பிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பிறந்ததிலிருந்து 12 வயது வரை ஒரே சீட் என்று விற்கிற 0–36 கிலோ வகையில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. எல்லா வயதுக்கும் என்று செய்வதால் பருமனாக இருக்கும், சின்னக் காரில் பின்னோக்கி வைக்கும்போது அந்தப் பருமன் முழுவதும் முன்சீட்டின் இடத்தில்தான் கழியும்.

அண்ணன் விஷயம். அமெரிக்கச் சீட் மட்டமில்லை. பின்னோக்கி 18 கிலோ வரை போகிற சீட் அங்கே சாதாரணம். சிக்கல் வேறு. அங்கே காரின் பெல்ட்டே பூட்டிக்கொள்ளும் என்று வைத்துத்தான் பல சீட்களைச் செய்கிறார்கள், லாக்-ஆஃப் இருக்காது. அந்தச் சீட்டை உங்கள் காரின் பெல்ட்டால் கட்டினால் தளர்ந்துகொண்டே வரும். ஐசோஃபிக்ஸ் மாதிரி அவர்கள் வைத்திருக்கும் லாட்ச் பட்டையின் கொக்கி நம் ஐசோஃபிக்ஸ் கம்பியில் மாட்டும், இறுக்கமாகவும் நிற்கும். ஆனால் அதற்கு எடை வரம்பு உண்டு. குழந்தையும் சீட்டும் சேர்ந்து 65 பவுண்டு, அதாவது சுமார் 29 கிலோ. சீட்டே 11 கிலோ என்றால் குழந்தை 18 கிலோ வரை. சரியான வரம்பைச் சீட்டின் ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பார்கள், அதற்கு மேல் பெல்ட்தான். நெஞ்சுக்கு நேரே வரும் ஒரு கிளிப் அமெரிக்கச் சீட்களில் இருக்கும். அது அக்குள் உயரத்தில் நிற்க வேண்டும், வயிற்றில் இல்லை. ஒரு பக்கிளோ பட்டையோ உடைந்தால் இங்கே மாற்று கிடைப்பது கஷ்டம் என்பதையும் கணக்கில் வையுங்கள். விமானத்தில் செக்-இன் லக்கேஜாகப் போட்டால் தூக்கி எறிவார்கள், ஓட்டில் உள்விரிசல் வெளியே தெரியாது. புதுப் பெட்டி பிரிக்காமல், உள்ளே தெர்மோகோல் அடைத்தபடியே வரட்டும்.

அண்ணன் பிள்ளை உட்கார்ந்து விட்ட பழைய சீட் என்றால், அடியில் பொறித்த தயாரிப்புத் தேதியையும் காலாவதித் தேதியையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொதுவாக ஆறிலிருந்து பத்து வருடம். பெரிய மோதலில் இருந்த சீட் வேண்டவே வேண்டாம். எனவே முன்பின் தெரியாதவரிடம் செகண்ட் ஹேண்ட் சீட் வாங்காதீர்கள்.

மாட்டும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், வாங்கிய சீட் வீணாவது இங்கேதான். பெல்ட் போகும் பாதையில் நிறம் அடித்திருப்பார்கள்: நீலம் பின்னோக்கிய நிலைக்கு, சிவப்பு முன்னோக்கிய நிலைக்கு. பெல்ட்டை முறுக்கு விழாமல் நீலத்தில் விடுங்கள், பக்கிள் போடுங்கள். பிறகு ஒரு முழங்காலைச் சீட்டின் உட்காரும் இடத்தில் ஊன்றி, உங்கள் எடையை அதில் இறக்கி, ஒரு கையால் தோள் பெல்ட்டை மேல்நோக்கி இழுங்கள். மெத்தை அமுங்கும்போது ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை பெல்ட் கூடுதலாக வரும். விடாமல் லாக்-ஆஃபை மூடுங்கள். எடையை எடுத்ததும் சீட் மெத்தையில் பதிந்து நிற்கும். இப்போது பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து இடம் வலமாகவும் முன் பின்னாகவும் ஆட்டுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. சீட்டின் தலைப்பகுதியைப் பிடித்து ஆட்டிவிட்டு "ஆடுதே" என்று பயப்படாதீர்கள். பின்னோக்கிய நிலையில் அங்கே கொஞ்சம் ஆடும். ஐசோஃபிக்ஸ் என்றால் இரண்டு பக்கமும் சத்தம் கேட்க வேண்டும், இரண்டு பக்கமும் சிவப்பு பச்சையாக மாற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பச்சை என்றால் மாட்டவில்லை என்றே அர்த்தம். பெல்ட்டில் மாட்டியிருந்தால் வாரம் ஒருமுறை இதே மாதிரி ஆட்டிப் பாருங்கள்.

குழந்தையைக் கட்டும் ஹார்னெஸ்: பின்னோக்கிய நிலையில் தோள் பட்டை தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், முன்னோக்கிய நிலையில் சமமாகவோ சற்று மேலிருந்தோ. இறுக்கிய பிறகு தோள் எலும்பின் மேல் பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி மாதிரி மடிப்பு சேர்ந்து வந்தால் இன்னும் தளர்வு. கொடைக்கானல் போகும்போது வத்தலக்குண்டு தாண்டியதும் ஸ்வெட்டர் போட்டு மேலே பட்டை மாட்டுவார்கள். மோதலில் ஸ்வெட்டர் அமுங்கி, குழந்தை பட்டைக்குள் நழுவும். சாதாரணச் சட்டையில் பட்டையை மாட்டிவிட்டு, மேலே போர்வையைப் போர்த்துங்கள். பெண் குழந்தையானால் விசேஷத்துக்குக் கிளம்பும்போது பட்டுப்பாவாடையும் இதே வேலையைச் செய்யும். கால்களுக்கு நடுவே வரும் பட்டையை மறிக்கும், வழுக்கவும் செய்யும். பாவாடையை மேலே ஏற்றிவிட்டுப் பக்கிளைப் போடுங்கள், இறங்கினதும் சரி செய்துகொள்ளலாம். வெள்ளி அரைஞாண் இடுப்புப் பட்டைக்கு அடியில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக வாங்கிய தலையணை, குஷன், அடியில் மடித்த துண்டு எதுவும் குழந்தைக்கும் சீட்டுக்கும் நடுவே வேண்டாம். சீட்டோடு வந்த மெத்தை மட்டும்.

மலைப்பாதையில் வாந்தி வரும். துணிக் கவரைத் துவைக்கலாம், ஹார்னெஸ் பட்டையை மெஷினிலோ சோப்புத் தண்ணீரிலோ ஊற வைக்காதீர்கள். நூலின் பலம் போகும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். பக்கிள் ஒட்டிக்கொண்டால் எண்ணெய் விடாமல், கையேடு சொல்கிறபடி வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

கத்திரி வெயிலில் மாட்டுத்தாவணியில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்த காருக்குள் பக்கிளின் உலோக நாக்கு தோலைச் சுடும். காரை நிறுத்தும்போது சீட் மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு மூடுங்கள், உட்கார வைக்கும் முன் எடுத்துவிட்டு, புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பின்னோக்கி இருக்கும் குழந்தைக்கு ஏ.சி. காற்று நேராகப் படாது, கதவுகளைத் திறந்து ஐந்து நிமிடம் வெப்பத்தை வெளியேற்றிவிட்டு ஏறுங்கள். பின் கண்ணாடிக்குக் கீழே தட்டில் எவர்சில்வர் தூக்கு, தண்ணீர் பாட்டில் வைக்கும் பழக்கம் இருந்தால் அது இன்றோடு நிற்கட்டும். பிரேக் போட்டால் அது குழந்தையின் முகத்தை நோக்கித்தான் வரும். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தூக்குங்கள். வீட்டுக்கு வந்தால் தூங்குகிற குழந்தையை அதே சீட்டில் விடாமல் பாயில் படுக்க வையுங்கள்.

உங்கள் ஸ்விஃப்ட்டுக்கு என் தேர்வு: ஐசோஃபிக்ஸ் கொண்ட, பின்னோக்கி 18 கிலோ அல்லது 105 செ.மீ. வரை போகிற, பின்னோக்கிய நிலையில் குறைந்தது இரண்டு சாய்வு உள்ள, சுழலாத சீட். எர்டிகா மாதிரிப் பெரிய கார் எடுக்கும் எண்ணம் இருந்தால் சுழலும் சீட்டை அப்போது யோசிக்கலாம். அங்கே நடு வரிசை பின்னே நகரும், ஆனால் சீட் மாட்டிய பக்கம் மடங்காது, மூன்றாம் வரிசைக்கு மறுபக்கமாகத்தான் ஏற முடியும். பொலீரோவின் பின்னால் குறுக்காக எதிரெதிரே உட்காரும் சீட்டில் எந்தக் குழந்தை சீட்டையும் மாட்டக் கூடாது. ஊரில் மாமா வண்டியில் போக நேர்ந்தால் நினைவிருக்கட்டும்.

இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாட்கள் எத்தனை என்று பார்த்து வாங்குங்கள். பெட்டியைக் கிழிக்காமல் பிரித்து, டேக் அறுக்காமல், வந்த அன்றே காரில் மாட்டி, கணவரை ஓட்டுநர் சீட்டிலும் அத்தையை அவர் சீட்டிலும் உட்கார வைத்துப் பாருங்கள். அண்ணன் ஏற்கெனவே பார்த்து வைத்த சீட் இருந்தால் மூன்று படம் கேளுங்கள்: அடியிலுள்ள தேதி ஸ்டிக்கர், லாட்ச் எடை வரம்பு எழுதிய ஸ்டிக்கர், பெல்ட் பாதையில் லாக்-ஆஃப் இருக்கிறதா என்று தெரிகிற பக்கம். அந்த மூன்றாவது படத்தில் கிளிப் இல்லையென்றால் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.